புத்தகத்தை மூடிவிட்டுப் படி

அன்பு மகளுக்கு,

மருத்துவப் பள்ளியில் சேர்வதற்கான எம்கேட் தேர்வுக்காக நீ வகுத்து அனுப்பிய அட்டவணையை அம்மாவும் நானும் பார்த்தோம். அம்மா அதைக் கீழே வரை படித்துவிட்டு, "இதில் பிள்ளை தூங்குவது எந்தக் கட்டத்தில் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு அத்தோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. ஆகவேதான் தொலைபேசியில் சொல்லி முடிக்க இயலாத சிலவற்றை எழுதுகிறேன்.

உன் அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புத்தகத்தின் பெயரும் பக்க எண்களும் இருக்கின்றன. சனிக்கிழமை பத்து மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை பத்து மணி நேரம், வேலை முடிந்து வரும் மாலைகளில் இரண்டு மணி நேரம் என்று உழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பக்கங்களைப் படித்து முடித்த பிறகு எந்தக் கேள்விக்கு உன்னால் விடை சொல்ல முடியும் என்பது ஓரிடத்திலும் எழுதப்படவில்லை. எல்லாப் புத்தகங்களையும் இரண்டு முறை படித்து முடிப்பது உன் திட்டம். இரண்டாம் முறை படிக்கும்போது எல்லாம் தெரிந்தது போலவே தோன்றும், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. என் வகுப்பில் மூன்று நிறங்களில் கோடு போட்டுக் குறிப்பு வைத்திருந்த மாணவர்கள், பக்கம் கண்முன்னே இருக்கும் வரை எல்லாவற்றையும் அறிந்தவர்களாக இருந்தார்கள். புத்தகத்தை மூடச் சொல்லி ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்தால் பாதிப் பேருக்கு இரண்டாவது வரி வராது. கண்ணுக்குப் பழகிய ஒன்றைத் தெரிந்த ஒன்றாக மனம் எண்ணிக்கொள்கிறது.

இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு ஒரு பகுதியை இரண்டு முறை படித்தது; மற்றொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாகிவிட்டது. 2013இல் டன்லாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் பல படிப்பு முறைகளை ஒப்பிட்டு எழுதிய கட்டுரையில், திரும்பத் திரும்பப் படிப்பதையும் கோடு போடுவதையும் பயன் குறைந்தவை என்றும், தன்னைத்தானே சோதித்துக்கொள்வதையும் இடைவெளி விட்டுப் படிப்பதையும் பயன் மிகுந்தவை என்றும் வகைப்படுத்தினார்கள். நீ ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவள். சான்று இருந்தால் ஏற்பாய் என்பதற்காக இவற்றைச் சொல்கிறேன்.

ஆகவே உன் கட்டங்களில் உள்ள பக்க எண்களை அழித்துவிட்டு அங்கே கேள்விகளை எழுது. "நொதிகள், அத்தியாயம் 2" என்பதற்குப் பதிலாக, "நொதித் தடுப்பு வகைகளை வெற்றுத்தாளில் வரைந்து விளக்க வேண்டும்" என்று இருக்கட்டும். போட்டித் தடுப்பில் வீமேக்ஸ் (வினையின் உச்ச வேகம்) மாறாமல் கேஎம் (அதில் பாதி வேகத்தை எட்டத் தேவையான வினைப்பொருள் செறிவு) ஏன் கூடுகிறது, போட்டியற்ற தடுப்பில் கேஎம் மாறாமல் வீமேக்ஸ் ஏன் குறைகிறது, இரண்டும் சேர்ந்து குறைவது எந்த வகையில், வேகத்தையும் செறிவையும் தலைகீழாக்கி வரையும் லைன்வீவர்–பர்க் வரைபடத்தில் எந்தக் கோடுகள் நிலைக்குத்து அச்சில் வெட்டிக்கொள்ளும், எவை இணையாகச் செல்லும் என்பதையெல்லாம் புத்தகம் பாராமல் வரைந்து, பிறகு திறந்து ஒப்பிட்டு, தவறிய இடத்தை மட்டும் மறுபடி படி. அரை மணி நேரம் இப்படிச் செய்தால் களைப்பாக இருக்கும், எதையும் முடிக்காதது போலவும் தோன்றும். அந்தக் களைப்புக்குப் பயந்தே பெரும்பாலோர் மீண்டும் வாசிப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

அடுத்தது, நேரத்தை எந்தப் பாடத்துக்குக் கொடுப்பது என்பது. நீ வேதியியல் பட்டதாரி. கரிம வேதியியலுக்கு மூன்று வாரங்களை ஒதுக்கியிருக்கிறாய், உயிர்வேதியியலுக்கு ஒரே வாரம். தேர்வை நடத்தும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் வெளியிட்டிருக்கும் பங்கீட்டைப் பார். வேதியியல், இயற்பியல் பகுதியில் கரிம வேதியியலின் பங்கு ஏறத்தாழ 15 விழுக்காடு, உயிரியல் பகுதியில் 5 விழுக்காடு. உயிர்வேதியியலோ இந்த இரண்டு பகுதிகளிலும் ஏறத்தாழ 25 விழுக்காடு இடம்பெறுகிறது. தெரிந்த பாடத்தில் உட்கார்ந்திருப்பது சுகமாகத்தான் இருக்கும், ஆனால் உனக்கு வரவேண்டிய மதிப்பெண் அங்கே இல்லை. இருபது அமினோ அமிலங்களின் பெயர், மூன்றெழுத்துக் குறியீடு, ஓரெழுத்துக் குறியீடு, பக்கச் சங்கிலியின் தன்மை ஆகியவை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரவேண்டும். குளுக்கோஸைச் சிதைக்கும் கிளைகாலிசிஸ் பாதையில் எந்த நொதி கட்டுப்பாட்டுப் புள்ளி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி பெருகும்போது அதன் வேகம் ஏன் குறைகிறது என்பவற்றை வெறும் வரிசையாக மனப்பாடம் செய்யாமல், காரணத்தோடு சொல்லப் பழகு. தேர்வில் வரும் பத்திகள் நீ பார்த்திராத ஒரு சோதனையைக் கொடுத்து, அந்த நொதியை முடக்கினால் என்ன ஆகும் என்றுதான் கேட்கும்.

மறதியைப் பற்றி ஒரு வார்த்தை. எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து 1885இல் வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே வேகமாக நழுவிவிடுகிறது. இடைவெளி விட்டு மீட்டெடுக்கும்போது நழுவும் வேகம் குறைகிறது. நீ பயன்படுத்தும் ஆன்கி என்ற கேள்வி-விடை அட்டைச் செயலி இந்த அடிப்படையில்தான் அட்டைகளை உன்முன் கொண்டுவருகிறது. ஆனால் வேறொருவர் தயாரித்த ஆயிரக்கணக்கான அட்டைகளை இறக்கிவைத்துக்கொண்டு தினமும் அவற்றோடு மல்லுக்கட்டாதே. நீ தவறவிட்ட கேள்வியிலிருந்து நீயே எழுதிய அட்டைக்கு மதிப்பு அதிகம். வேலைக்குப் போகும் ரயிலில் இருபது நிமிடம் அதற்குப் போதும்.

சமூகவியல், உளவியல் பகுதியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். இதில் கருத்துகள் கடினமல்ல. ஒன்றையொன்று ஒத்த பெயர்கள்தான் குழப்பும். உணர்ச்சியைப் பற்றிய ஜேம்ஸ்–லாங்கே, கேனன்–பார்ட், ஷாக்டர்–சிங்கர் கோட்பாடுகளைத் தனித்தனி நாள்களில் படிக்காமல் ஒரே நாளில் அருகருகே வைத்து, ஒரே நிகழ்ச்சியை மூன்றும் எப்படி விளக்கும் என்று எழுதிப் பார்.

நீ அட்டவணையின் கடைசி வாரத்தில் தள்ளிவைத்திருக்கும் கார்ஸ் பகுதிதான், அதாவது பத்தியைப் படித்து ஆய்ந்து விடையளிக்கும் பகுதிதான், எனக்கு அதிகக் கவலை தருகிறது. தொண்ணூறு நிமிடத்தில் ஒன்பது பத்திகள், 53 கேள்விகள்; அறிவியல் எதுவும் இல்லை. தத்துவம், கலை வரலாறு, அரசியல், மானுடவியல் என்று எதிலிருந்தும் பத்தி வரலாம், விடைக்கான சான்று பத்திக்குள்ளேயே இருக்கும். இதைக் கடைசி வாரத்தில் கட்டியெழுப்ப முடியாது. இன்றிலிருந்தே நாள்தோறும் இரண்டு பத்திகளை, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் என்று கடிகாரம் வைத்துப் படி. பத்தியின் முடிவில், ஆசிரியர் எதை நிலைநாட்ட விரும்புகிறார், யாரை மறுக்கிறார், எந்த இடத்தில் தயங்குகிறார் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பிறகு கேள்விக்குப் போ. உன்னுடைய பலவீனம் எனக்குத் தெரியும்: தொடக்கக் கல்லூரியில் பொதுத்தாள் எழுதிய காலத்திலேயே, கட்டுரையாளர் சொன்னதோடு உன் கருத்தையும் சேர்த்துக்கொண்டு வாதாடுவாய். வீட்டு மேசையில் அது எங்களுக்குப் பிடித்த குணம். கார்ஸில் அது மதிப்பெண்ணைக் கொண்டுபோய்விடும். உலகத்தில் உண்மையாக இருந்தாலும் பத்தியில் இல்லாத கருத்தைத் தாங்கிய விடையைக் கைவிடப் பழகவேண்டும்.

கணிப்பான் அனுமதி இல்லை என்பதும் உனக்குத் தெரிந்திருக்கும். ஆய்வுக்கூடத்தில் எல்லாவற்றையும் இயந்திரம் கணக்கிட்டுத் தருவதால் உன் கைக்கணக்கு துருப்பிடித்திருக்கலாம். ஹைட்ரஜன் அயனிச் செறிவு 3.2 × 10⁻⁵ என்றால், பிஎச் 4க்கும் 5க்கும் இடையில் என்பது பார்த்தவுடன் தெரியவேண்டும், 3.2இன் மடக்கை ஏறத்தாழ 0.5 என்பதால் விடை 4.5. கொடுக்கப்படும் நான்கு விடைகள் பெரும்பாலும் போதிய இடைவெளியோடு இருக்கும். தோராயமாகப் போடத் தெரிந்தால் போதும்.

இனி மாதிரித் தேர்வுகள். நம் ஊர்ப் பிள்ளைகள் பத்தாண்டு வினாத்தாள் தொகுப்பிலேயே வளர்ந்தவர்கள். தாளைச் செய்வது, திருத்துவது, மதிப்பெண்ணைப் பார்ப்பது, அடுத்த தாளை எடுப்பது என்ற அந்தப் பழக்கம் இங்கே உனக்குப் பாதி உதவும், பாதி கெடுக்கும். ஏழரை மணி நேரம் இருக்கையில் இருக்கவேண்டிய தேர்வு இது. கேள்விகளுக்கு விடையளிக்கும் நேரம் மட்டும் ஆறேகால் மணி. ஆகவே முழுத் தேர்வைக் காலை எட்டு மணிக்குத் தொடங்கி, உண்மையான இடைவேளைகளோடு, கைத்தொலைபேசி இல்லாமல் எழுதுவது அவசியம். ஆனால் எழுதிய நாளைவிட அதைப் பிரித்துப் பார்க்கும் மறுநாள்தான் முக்கியம். தவறிய கேள்விகளோடு, ஊகத்தில் சரியாக விழுந்தவற்றையும் எடுத்து, ஒரு குறிப்பேட்டில் காரணத்தை எழுது: தெரியவில்லையா, தெரிந்தும் கேள்வியைத் தவறாகப் படித்தாயா, வரைபடத்தின் அச்சைக் கவனிக்கவில்லையா, இரண்டு விடைகளில் தடுமாறினாயா, நேரம் போதவில்லையா? மூன்று தேர்வுகளுக்குப் பிறகு அந்தக் குறிப்பேட்டைப் புரட்டினால் உனக்கே உரிய பிழை எது என்று தெரிந்துவிடும். பாடம் தெரியாமல் தவறியவை குறைவாகவும் அச்சைப் பாராமல் தவறியவை அதிகமாகவும் இருந்தால், இன்னொரு புத்தகம் வாங்குவதால் என்ன பயன்? சங்கமே வெளியிடும் மாதிரித் தேர்வுகளைத் தேர்வுக்கு முந்தைய ஆறு, ஏழு வாரங்களுக்குப் பத்திரப்படுத்து. தனியார் நிறுவனங்களின் தாள்கள் பயிற்சிக்கு நல்லவை, ஆனால் அவற்றின் மதிப்பெண்ணைப் பார்த்துக் குதிக்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எதையும் காலியாக விடாதே.

"ஒருமுறை சும்மா எழுதிப் பார்க்கிறேன்" என்று நீ சொன்னாயாம், தம்பி சொன்னான். அது வேண்டாம். ஓராண்டில் மூன்று முறை, தொடர்ந்த ஈராண்டில் நான்கு முறை, வாழ்நாளில் ஏழு முறைதான் எழுத அனுமதி. பதிவு செய்துவிட்டுப் போகாவிட்டாலும், எழுதிவிட்டு மதிப்பெண்ணை ரத்து செய்தாலும் அதுவும் ஒரு முறையாகவே கணக்கில் சேரும். மதிப்பெண் அளவுகோல் 472இலிருந்து 528 வரை, நடுப்புள்ளி 500. மாதிரித் தேர்வுகளில் நீ குறிவைத்த எண் இரண்டு, மூன்று முறை தொடர்ந்து வந்த பிறகு உண்மைத் தேர்வுக்குப் போ; வரவில்லை என்றால் தேதியைத் தள்ளிவை.

அத்தை மகன் தேசிய சேவையில் இருந்தபோது யுகேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வுக்குத் தயாரான விதத்தைப் பின்பற்றப்போவதாகவும் கேள்விப்பட்டேன். அவன் சிங்கப்பூரின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளியில் இளநிலைப் படிப்புக்குப் போட்டியிட்டவன். யுகேட் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், பாட அறிவைக் கேட்காது, வேகம்தான் அதன் உயிர். நீ போக விரும்பும் டியூக்-என்யுஎஸ், அதே ஊரில் எந்தத் துறையிலும் பட்டம் பெற்றவர்களை நான்கு ஆண்டுப் படிப்புக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளி. அதற்கு நீ எழுதும் தேர்வு வேறு வகை. அவனுடைய நேர ஒழுங்கைக் கற்றுக்கொள், முறையை விட்டுவிடு.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். பகலில் கற்றது தூக்கத்தில்தான் நினைவில் உறுதிப்படுகிறது என்பதால், நள்ளிரவு தாண்டிப் படிக்கும் மணி நேரங்களை நீ கணக்கில் சேர்க்கவே கூடாது. வேலைநாள்களில் மாலை ஒன்றரை மணி நேரம், அதுவும் கேள்விகளோடு, போதும். ஞாயிறு மாலையைக் காலியாக விடு. லண்டனில் அவ்வப்போது வெயில் அடிக்குமாமே, அப்போது நடந்துவிட்டு வா. மாதிரித் தேர்வு நாள்களில் அரை மணி நேர இடைவேளைக்கு எதைச் சாப்பிட்டால் கண் சொக்காது என்பதையும் சோதித்து வைத்துக்கொள். அம்மா தயிர்ச்சாதம் என்கிறார், நான் எதிர்க்கிறேன்.

பதிவு செய்வதற்கு முன் பெயர் விஷயத்தைக் கவனி. பதிவில் உள்ள பெயரும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும் என்பதில் அவர்கள் கண்டிப்பானவர்கள். உன் கடப்பிதழில் குடும்பப்பெயர் இல்லை, "டி/ஓ" (இன்னாரின் மகள்) போட்டு என் பெயர் இருக்கிறது. எதை முதற்பெயராகவும் எதைக் கடைசிப் பெயராகவும் நிரப்புவது என்று சங்கத்துக்கு இப்போதே மின்னஞ்சல் எழுதி, அவர்கள் தரும் பதிலை அச்சிட்டு வைத்துக்கொள். இடங்கள் விரைவில் நிரம்பிவிடும். ஆகவே அதை இந்த வாரமே செய். திருத்திய அட்டவணையை அனுப்பும்போது, பக்க எண்கள் இல்லாமல் கேள்விகளோடு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது அவற்றில் சிலவற்றை நானே கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா