கேட்டது மேப்பிள் பைண்டிங், வந்தது பிளாஸ்டிக்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: ஆர்டர் கொடுத்துச் செய்த எலெக்ட்ரிக் கிட்டாரில் நெக் பைண்டிங்கை (கிட்டாரின் கழுத்துப் பகுதியில் இரு விளிம்பிலும் ஒட்டும் மெல்லிய பட்டையை) மாற்றிப் பொருத்தியது குறித்துப் புகார்; சரியான நெக் அனுப்பக் கோருதல்

வணக்கம்.

உங்களிடம் சொல்லிச் செய்து வாங்கிய கிட்டார் என் கைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. இதற்குள் இரண்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். பைண்டிங் அழகுக்காக வைப்பது, வாசிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆகவே உத்தரவாதத்தில் வராது என்று இரண்டு முறையும் பதில் வந்தது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால் முழு விவரத்தையும் எழுதுகிறேன்.

உங்கள் ஆர்டர் படிவத்தில் நெக் பைண்டிங்குக்கு வெள்ளை ஏபிஎஸ் பிளாஸ்டிக், கிரீம் நிறச் செல்லுலாய்டு, மேப்பிள் மரம் என்று மூன்று இருந்தன. நான் மேப்பிளைத் தேர்ந்தெடுத்து, அதற்கான கூடுதல் தொகையையும் கட்டினேன். ஃபிரெட்டின் (விரல் வைக்கும் பலகையின் குறுக்கே பதிக்கும் உலோகத் தண்டின்) முனைகள் பைண்டிங்கின் மேல் ஏறி விளிம்பு வரை வர வேண்டும், நிப் (ஃபிரெட் முனையை மூடி நிற்கும் பைண்டிங் மேடு) வைக்க வேண்டாம் என்றும் குறிப்பில் எழுதியிருந்தேன். நீங்கள் அனுப்பிய உறுதிச் சீட்டில் இரண்டும் அப்படியே இருக்கின்றன. வந்த கிட்டாரில் இரண்டுமே இல்லை.

நிப் இருப்பது பெட்டியைத் திறந்த அன்றே தெரிந்தது. முதல் மின்னஞ்சல் அதைப் பற்றித்தான். பைண்டிங் மரமில்லை என்பது தெரியத்தான் நாளாயிற்று. தேன் நிறம் பூசி மேலே லேக்கர் அடித்திருந்ததால் மேப்பிள் என்றே நம்பிவிட்டேன். ஐந்தாம் ஃபிரெட்டுக்கும் ஏழாம் ஃபிரெட்டுக்கும் நடுவில், ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி உரசும் இடத்தில், மூன்றே மாதத்தில் நிறம் போய் அடியில் பால் வெள்ளை தெரிந்தது. மேப்பிள் தேய்ந்தால் அடியிலும் மேப்பிள்தானே இருக்க வேண்டும்?

கிட்டார் பழுது பார்ப்பவரிடம் எடுத்துப் போனேன். அவர் கடைசி ஃபிரெட்டைத் தாண்டி, கண்ணில் படாத ஓர் ஓரத்தில் நிறத்தைச் சுரண்டி, பஞ்சு நுனியில் ஒரு துளி அசிட்டோன் தொட்டு வைத்தார். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் இளகிப் பிசுபிசுத்தது. மரம் அப்படி இளகாது. செல்லுலாய்டு இளகும், ஆனால் அதைச் சுரண்டினால் கற்பூர வாசம் வரும், இதில் வரவில்லை. ஏபிஎஸ்தான் என்றார். உங்கள் இரண்டாவது பதிலும் அதை மறுக்கவில்லை. கையிருப்பைப் பொறுத்து "இணையான பொருள்" பயன்படுத்துவோம் என்று மட்டும் எழுதியிருந்தீர்கள்.

அந்தச் சொல்தான் என்னை மிகவும் வருத்தியது. மேப்பிளுக்குப் பிளாஸ்டிக் எப்படி இணையாகும்?

நான் மரத்தைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. என்னிடம் செல்லுலாய்டு பைண்டிங் வைத்த ஒரு பழைய கிட்டார் உண்டு. நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரம் சேர்த்துச் செய்வதுதான் செல்லுலாய்டு. பழைய சினிமா ஃபிலிமும் இதே பொருள்தான். புதிதில் அதன் ஆழமும் மினுமினுப்பும் வேறு எதற்கும் வராது, உண்மை. ஆனால் ஆண்டுகள் போகப் போகக் கற்பூரம் வெளியேறி அது சுருங்குகிறது. பொருளே சிதையத் தொடங்கினால் அமில ஆவி கிளம்புகிறது. என் கிட்டாரில் பைண்டிங் துண்டு துண்டாக உதிர்ந்தது, ஃபிரெட்டுகளில் பச்சை பூத்தது, புதுக் கம்பி மாட்டினால் சில நாளிலேயே கறுத்தது. கேஸைத் திறந்தாலே மூக்கைத் துளைக்கும் நெடி. ஆசையாய் வைத்திருந்த கிட்டார் கண் முன்னால் அப்படிப் போவதைப் பார்த்தவன் நான்.

ஏபிஎஸ்ஸுக்கு அந்த நோய் கிடையாது. விலை குறைவு, நன்றாக வளையும், சுலபமாக ஒட்டும், நிறமும் சீராக இருக்கும். நல்ல கிட்டார்கள் பலவற்றில் அது இருக்கிறது, அதை விரும்புகிறவர்கள்மேல் எனக்குக் குறையும் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வேர்த்த கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. ரோஸ்வுட் பலகையிலிருந்து விரல் விளிம்புக்கு வரும்போது பொருள் மாறுவது ஒவ்வொரு முறையும் தெரிகிறது. மேப்பிள் என்றால் நெக்கின் பின்பக்கமும் விளிம்பும் ஒரே மரமாகக் கையில் படும், கை பட்டுப் பட்டு நிறமும் ஏறும். இப்படி விருப்பம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால்தானே படிவத்தில் மூன்று வகை வைத்தீர்கள்?

அப்புறம், பைண்டிங் வாசிப்பைப் பாதிக்காது என்ற வாதம். இந்த நெக்கின் அகலம் நட்டில் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டில்) 43 மி.மீ. பைண்டிங் இரு பக்கமும் ஒன்றரை மி.மீ. நிப் வைத்திருப்பதால் ஃபிரெட் கம்பி பைண்டிங்குக்கு உள்ளேயே நின்றுவிடுகிறது. வாசிக்கக் கிடைப்பது 40 மி.மீ. தான். அந்த மூன்று மி.மீ. எனக்குப் பெரிய விஷயம். முதல் கம்பியைக் கீழ்நோக்கி இழுத்து அசைத்தால் அது ஃபிரெட்டின் முனையைத் தாண்டி நிப்பின்மேல் போய் விழுகிறது. போதாதற்கு, பன்னிரண்டாம் ஃபிரெட்டிலிருந்து மேலே பல இடங்களில் ஃபிரெட்டுக்கும் நிப்புக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விட்டிருக்கிறது. கம்பி அதில் சிக்கி 'டக்' என்று சத்தம் வருகிறது, ஸ்வரம் செத்துவிடுகிறது. நிப் வேண்டாம் என்று நான் எழுதியதே இதற்குப் பயந்துதான். இன்னொன்று, ஃபிரெட் தேய்ந்து மாற்றும் நாள் வந்தால் நிப்புகளைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது.

ஒன்பது ஃபிரெட்டுகளின் முனையில் பைண்டிங் கோடாக வெடித்திருக்கிறது. கிட்டாரை நான் சரியாக வைத்திருக்கவில்லை என்று எழுதினீர்கள். கேஸுக்குள் ஈரப்பதமானி இருக்கிறது, 45 முதல் 55 சதவீதத்துக்குள்தான் வைத்திருக்கிறேன். மரப்பலகை கொஞ்சம் சுருங்கும், உலோக ஃபிரெட் சுருங்காது. பலகைக்குள் இறங்கும் ஃபிரெட்டின் அடிப்பல்லைப் பைண்டிங்கோடு ஒட்ட விடாமல் சற்றுக் குட்டையாக வெட்டியிருந்தால் அது பைண்டிங்கை முட்டித் தள்ளாது. மேப்பிளாக இருந்தாலும் இதே தவறுக்கு வெடிப்பு வரலாம். அதனால் இதைப் பொருளின் குறை என்று சொல்லவில்லை, வேலையின் குறை என்கிறேன்.

அடுத்த முறை வாங்கும்போது தள்ளுபடி தருவதாகச் சொன்னீர்கள். அது எனக்கு வேண்டாம். இது நான்கு திருகில் நிற்கும் நெக். கழற்றி மாட்ட அரை மணி நேரம் போதும். உறுதிச் சீட்டில் உள்ளபடி மேப்பிள் பைண்டிங்கும், அதன் மேல் விளிம்பு வரை வரும் ஃபிரெட்டும் கொண்ட நெக்கைச் செய்து அனுப்புங்கள். வந்ததும் இந்த நெக்கை உங்கள் செலவில் திருப்பி அனுப்புகிறேன். செய்ய இயலாது என்றால் கிட்டாரை எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் கொடுத்துவிடுங்கள். இரண்டில் எது என்று 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் புகார் கொடுப்பேன்.

முடிந்தால் முதலாவதையே செய்யுங்கள். இதன் உடலும் பிக்கப்பும் எனக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டன. கிட்டாரைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

உறுதிச் சீட்டின் நகல், தேய்ந்த இடம், வெடிப்புகள், அசிட்டோன் சோதனை ஆகியவற்றின் படங்கள், பழுது பார்ப்பவர் எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாம் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்