ஒரே நாளில் அடங்காது புதுக்கோட்டை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாசி, பங்குனியில் போய்வர ஏற்ற ஊர் என்று தங்கள் சுற்றுலாப் பக்கத்தில் புதுக்கோட்டையைச் சேர்த்தது நல்ல காரியம். ஆனால் சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, திருமயம் நான்கையும் ஒரே பகலில் முடிக்கலாம் என்றது சரியல்ல. தூரம் பெரிதில்லை, எல்லாமே நகரிலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர்தான். பார்க்கவேண்டியது வெயிலும் நடைசாத்தும் நேரமும். மாசி கடைசியிலேயே பதினோரு மணிக்குப் பாறை காலைச் சுடும். இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

முதல் நாள் காலை சித்தன்னவாசல். திறந்ததும் ஏழடிப்பட்டம் என்ற மலைக்குகையை ஏறி முடித்துவிட வேண்டும். மலைமேல் போய் மறுபுறம் இறங்கினால்தான் சமணர் படுக்கைகளும் பிராமி எழுத்தும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். அதன்பிறகு அறிவர் கோயில், பாறையைக் குடைந்து ஓவியம் தீட்டிய சமணக் கோயில். வெயிலிலிருந்து நுழைந்த கண்ணுக்கு விதானத்தில் ஒன்றும் புலப்படாது. ‘எல்லாம் அழிஞ்சுபோச்சு’ என்று ஒரே நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் பேசாமல் நின்றால் தாமரை இலைகள் மெல்லத் துலங்கும். பிறகு மீன், அன்னம், யானை, எருமை, கையில் பூவோடு நிற்பவர். ஃபிளாஷ் போடக்கூடாது.

குடுமியான்மலைக்குப் பத்தரைக்குள் போய்ச் சேருங்கள். நண்பகலில் சாத்தினால் மறுபடி நடை திறக்க மாலை நாலாகிவிடும். மேலைக்கோயில் என்ற குடைவரையை ஒட்டிய பாறையில் கிரந்த எழுத்தில் இசைக் கல்வெட்டு, ஏழு பகுதிகளாக. அதன் அடியில் ‘எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய’ என்று தமிழில் ஒரு வரி உண்டு. அதைத் தேடிப் பாருங்கள். மேலைக்கோயில் பூட்டியிருந்தால் கோயில் ஆட்களைக் கேளுங்கள்.

நார்த்தாமலையை மாலை நாலு மணிக்கு வையுங்கள். விஜயாலய சோழீச்சரம் மேற்குப் பார்த்த கோயில். சாயங்கால வெயில் நேராக முகப்பில் விழும். காலையில் போகிறவர்களுக்கு இது கிடைப்பதில்லை. எதிரே குடைவரையில் ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு. இருட்டுமுன் இறங்கிவிடுங்கள். பங்குனியில் முத்துமாரியம்மன் தேர் என்றால் ஊருக்குள் வண்டி நுழையாது. தேதியை முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

இரண்டாம் நாள் காலை திருமயம். கோட்டை 1687-இல் சேதுபதி கட்டியது. அடிவாரத்தில் அடுத்தடுத்து இருக்கும் பெருமாள், சிவன் கோயில்களை முதலில் முடித்துக்கொண்டு கோட்டைக்கு ஏறினால் நடைசாத்தும் தொல்லை இல்லை. உச்சி வெயிலுக்குத் திருக்கோகர்ணத்து அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை, இரண்டாம் சனியும் அப்படித்தான். பலருடைய திட்டம் இதில்தான் கெடுகிறது.

மாலை திருச்சி திரும்பும் வழியில் விராலிமலைப் பக்கம் கொடும்பாளூர் மூவர் கோயில். மூன்றில் இரண்டு விமானங்களே நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். புல்வெளியில் அரைமணி நேரம் போதும்.

இனி இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது தூரத்தோடு நடைதிறப்பு நேரத்தையும் விடுமுறை நாளையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
புதுக்கோட்டை