லிஃப்டைத் தாருங்கள்: எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு வணக்கம்.

செல்லப்பிராணிகளை லிஃப்டில் ஏற்றக் கூடாது, படிக்கட்டு வழியாகத்தான் கொண்டு செல்ல வேண்டும், அதுவும் விடியுமுன்னும் இரவு ஒன்பதுக்குப் பின்னும் கூடாது என்று தாங்கள் ஒட்டிய சுற்றறிக்கை இன்னும் லிஃப்ட் கதவில்தான் இருக்கிறது. அதன் விளைவை மட்டும் சொல்கிறேன். கடந்த செவ்வாய் மாலை ஐந்தரை மணிக்கு, தாங்கள் அனுமதித்த நேரத்தில், தாங்கள் அனுமதித்த படிக்கட்டு வழியாக, ஏழாம் மாடியிலிருந்து எங்கள் நாய் மணியை இறக்கினோம். சூடு தணியாத தார்ச்சாலையில் பத்து நிமிடம்கூட நடக்கவில்லை. திரும்பி ஏறும்போது நான்காம் மாடித் திருப்பத்தில், நாக்கைத் தொங்கவிட்டு, வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. 38 கிலோ. நானும் என் மகனும் போர்வையை ஏணைபோல் பிடித்து அவனை மூன்று மாடி தூக்கிச் சென்றோம். லிஃப்ட் அப்போது காலியாகத்தான் நின்றது.

மணி அலாஸ்கன் மாலமியூட். மேற்கு அலாஸ்காவில் பனிமேல் பாரவண்டி இழுக்க வளர்த்த இனம். மேலே முரட்டு மயிர், அடியில் கம்பளிபோல் அடர்ந்த மயிர். அதை மழித்துவிடலாமே என்று செயற்குழுவில் ஒருவர் யோசனை சொன்னாராம். வெயில் நேரே தோலில் படாமல் காப்பதும் அந்த மயிர்தான். நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்க்காது, மூச்சிரைத்தே சூட்டை வெளியேற்றும். ஆகவே சென்னைக் கோடையில் அவனை நடத்திச் செல்ல விடியுமுன் ஒரு வேளை, இரவு ஒன்பதுக்குப் பின் ஒரு வேளை, அவ்வளவுதான். அவ்விரண்டையும் சுற்றறிக்கை அடைத்துவிட்டது.

இந்த ஊருக்கு இந்த நாய் எதற்கு என்பீர்கள். நியாயமான கேள்வி, பனிப்படம் காட்டிக் குட்டி விற்பவர்களிடம் யாராவது அதை முதலில் கேட்டிருக்கலாம். வெளிநாடு போன குடும்பம் ஒன்று பால்கனியில் விட்டுச் சென்றவனைத்தான் நாங்கள் எடுத்து வளர்க்கிறோம்.

மாலமியூட் அதிகம் குரைக்காது, ஊளையிடும். அது சாவுக்குறி என்று புகார்ப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளாக ஊளையிடுகிறான். இதுவரை இங்கே உயிரைவிட்டது ஜெனரேட்டர் ஒன்றுதான், அதற்கும் காரணம் பராமரிப்பு ஒப்பந்தத்தைச் சங்கம் புதுப்பிக்காததே. மன்னிக்கவும், அதற்குத் தனி மடல் எழுதுகிறேன்.

செல்லப்பிராணிகளுக்கு லிஃப்டை மறுக்கக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே குடியிருப்போர் சங்கங்களுக்கு வழிகாட்டியிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். சிமென்ட் மூட்டைகளும் சோபாக்களும் ஏறும் அதே லிஃப்டைத்தான் கேட்கிறேன். காலை நான்கரை முதல் ஐந்தரை வரையும், இரவு ஒன்பது முதல் பத்து வரையும் போதும். வாய்ப்பூட்டு மாட்டியே அழைத்து வருவோம். உதிரும் மயிரை நாங்களே பெருக்கிவிடுவோம்.

கத்திரி வெயில் தொடங்கப் பத்து நாட்களே உள்ளன. அதற்குள் செயற்குழுவைக் கூட்டி லிஃப்டை அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் மாடிக் குடியிருப்பாளர்