பெரிய வண்டி வாங்கப்போகும் நண்பனுக்கு

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்த செய்தி அறிந்து மகிழ்ந்தோம். இங்கு அனைவரும் நலம். ஏழு பேர் அமரும் எஸ்.யூ.வி. ஒன்றை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். மூன்றாண்டுகள் அப்படியொரு வண்டியை ஓட்டியவன் என்ற முறையில், மனத்தில் பட்டதை எழுதுகிறேன்.

உறவினர் வந்தால் சேர்ந்து போகலாம் என்றுதான் நானும் வாங்கும்போது சொன்னேன். மூன்றாம் வரிசை ஆண்டுக்கு இரண்டு முறை நிரம்பியது. மற்ற நாட்களில் மடித்துப் போட்ட இருக்கைகளோடு இரண்டு டன் எடையையும் இழுத்துக்கொண்டு நான் ஒருவன் மட்டும் அலுவலகம் போய் வந்தேன். உண்மையில், உயரத்தில் அமர்ந்து சாலையைப் பார்க்கும்போது நமக்கு ஒன்றும் ஆகாது என்றொரு தெம்பு வருகிறதே, அதற்காகத்தான் வாங்கியிருக்கிறேன். (கொஞ்சம் பெருமையும் இருந்தது, உன்னிடம் மறைப்பானேன்.)

அந்தத் தெம்பு முழுப் பொய்யும் அல்ல. இரு வண்டிகள் மோதினால் கனத்த வண்டிக்குள் இருப்பவருக்கு அடி குறைவுதான், ஆனால் எதிரே வந்தவருக்கு அது கூடிவிடுகிறது. 2000 கிலோ வண்டி, 1200 கிலோ காரைவிட மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் ஆற்றலோடு அதே வேகத்தில் வந்து மோதுகிறது. அதற்கு அஞ்சி அவரும் பெரியதாக வாங்குகிறார். 2023-இல் உலகில் விற்ற கார்களில் ஏறக்குறைய பாதி எஸ்.யூ.வி. என்று சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டிருக்கிறது; இந்த அச்சத்துக்கும் அதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

ஒருநாள் வண்டியைக் கழுவிவிட்டு வாளியை முன்புறமே மறந்துவிட்டேன். ஓட்டுநர் இருக்கையிலிருந்து அது தெரியவே இல்லை. மனைவியிடம் சொல்லி அதைச் சிறிது சிறிதாகத் தள்ளிவைக்கச் செய்தேன். நான்கு தப்படி தள்ளிய பிறகே விளிம்பு கண்ணில் பட்டது. தவழும் குழந்தையும் ஏறத்தாழ அந்த உயரம்தானே? அதன்பிறகு, வண்டியைச் சுற்றி வந்து பார்க்காமல் நான் கிளப்பியதில்லை.

கரடுமுரடான பாதையில் தினமும் போகிறவருக்கும், பெருங்குடும்பத்துக்கும் பெரிய வண்டி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அம்மாவின் முழங்கால் வலியைக் காரணமாக எழுதியிருந்தாய். தாழ்ந்த காரிலிருந்து எழுவது அவருக்குக் கடினம்தான், ஆனால் படி வைத்து ஏறும் வண்டியும் அதே அளவு கடினம். இருக்கை இடுப்பு உயரத்தில் இருந்தால் போதும். முன்பணம் கட்டுமுன் அவரையே அழைத்துப்போய் இரண்டு மூன்று வண்டிகளில் ஏறி இறங்கச் சொல். அவர் என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்