இருதயத்தோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு நன்றி

சுங்கை சிப்புட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் மகன் பாலர் பள்ளியை முடித்து, தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுக்குப் போகிறான். இருதயத்தின் இரண்டு பெரிய இரத்தக் குழாய்களும் இடம் மாறிப் பிறந்தவன் அவன். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தான். காலில் கருவியை மாட்டி, ஆக்சிஜன் குறைகிறது என்று விடாமல் சொன்ன தாதிக்கே முதல் நன்றி.

குழாய்களை இடம் மாற்றித் தைக்கும் அந்த அறுவையை பிரேசில் மருத்துவர் அடிப் ஜத்தேனே 1975இல் முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தாராம். கோலாலம்பூரில் அதை எங்கள் பிள்ளைக்குச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அப்புறம் மூளையை எம்.ஆர்.ஐ எடுக்க வேண்டும் என்றார்கள். இருதயத்துக்கு வைத்தியம் பார்க்க வந்தால் மூளைக்கு ஏன் படம் என்று குடும்பமே பதறியது. குழந்தை மருத்துவர் அம்மா உட்கார்ந்து விளக்கினார். இப்படிக் கடுமையான கோளாறு இருந்தால் வயிற்றில் இருக்கும்போதே மூளைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். நிறைமாதத்தில் பிறந்தாலும் மூளை ஏறக்குறைய ஒரு மாதம் பின்தங்கித் தெரியலாம். குறைமாதக் குழந்தைகளுக்கு வருகிற மாதிரி மூளையின் வெண்பகுதியில் சிறு காயங்களும் இருக்கலாம்.

மயக்க மருந்து கொடுக்கவில்லை. வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் இறுக்கிச் சுற்றி, காதை மூடி, அந்த இரைச்சலிலும் தூங்கவைத்தார்கள். உலோகம் கூடாது என்பதால் பாட்டி கட்டிய வெள்ளி அரைஞாணைக் கழற்றச் சொன்னார்கள். பாட்டி முகம் சுளிக்கவில்லை. (வெளியே வந்ததும் புதிதாக ஒன்று கட்டிவிட்டார், அது வேறு கதை.)

படத்தில் சில புள்ளிகள் இருந்தன. "இது ஜாதகம் இல்லைம்மா" என்றார் மருத்துவர். இதே புள்ளிகளோடு நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் உண்டு, தடுமாறும் பிள்ளைகளும் உண்டு. அறிவு பெரும்பாலும் குறைவதில்லை. கவனம், பேச்சு, பென்சில் பிடிப்பது, ஒரு வேலையை வரிசையாக யோசித்துச் செய்வது, இவற்றில்தான் சிரமம் வரலாம், அதுவும் பெரும்பாலும் பள்ளி வயதில்தான் தெளிவாகத் தெரியும், அதனால் விடாமல் பரிசோதிக்க வேண்டும் என்றார்.

அப்படித்தான் ஈப்போவில் கைப்பயிற்சி தொடங்கியது. பித்தான் போடவும் மணி கோக்கவும் பழக்கினார் அந்தப் பயிற்சியாளர். வீட்டில் முறுக்கு மாவு பிசையச் சொன்னதும் அவர்தான். மாவு பாதி தரைக்குப் போனாலும் விரல்களுக்குப் பலம் வந்தது. பாலர் பள்ளி டீச்சர் அவனைச் சோம்பேறி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. முன்வரிசையில் உட்காரவைத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்வார். எங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று அவருக்கே தெரியுமா, தெரியவில்லை.

பெட்ரோல் காசு வாங்க மறுத்த வேன்கார அண்ணனுக்கும், கணவருக்கு வேலை முறை மாற்றிக் கொடுத்த தோட்டத்து மேற்பார்வையாளர் மண்டோருக்கும், மூத்தவளைத் தன் பிள்ளையாகப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நன்றி.

உங்கள் தோட்டத்தில் இருதயக் கோளாறோடு பிறந்த பிள்ளை இருந்தால், பெற்றோரை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். மருத்துவரிடம் வளர்ச்சிப் பரிசோதனை பற்றி என்னென்ன கேட்க வேண்டும் என்று நானே எழுதித் தருகிறேன்.

நன்றியுடன்,
அவனுடைய அம்மா