நடுவில் நிற்கும் 'த'

அன்பு மகளுக்கு,

பிரெஞ்சு அளவுச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதாக எழுதியிருந்தாய். செய். ஆனால் கால் இடறுவது சொல்லில் அல்ல, சொல்லுக்கும் பொருளுக்கும் நடுவில் நிற்கும் 'த' என்ற சிறு சொல்லில்தான். ('பந்து'வில் வரும் து போல மென்மையாக ஒலிக்க வேண்டும்.) நாம் 'நிறையத் தண்ணீர்' என்று நேரே ஒட்டிவிடுவோம். அங்கே போக்கூ (நிறைய), த்ரோ (அளவுக்கு மீறி), அஸே (போதுமான) எது வந்தாலும் பின்னால் 'த' வேண்டும்.

அளவு சொல்லாமல் பால் என்றால் 'த்யு லே'. லிட்டர் வந்துவிட்டால் 'அன் லித்ர த லே'. அங்கே 'த்யு' போட்டால் பிழை. பன்மையிலும் இப்படித்தான்: நிறையப் புத்தகங்கள், 'போக்கூ த லீவ்ர்'. அடுத்து உயிரொலி வந்தால் 'த' தன் உயிரை விட்டுவிடும்: தண்ணீர் 'ஓ', நிறையத் தண்ணீர் 'போக்கூ தோ'. பந்து + எங்கே = பந்தெங்கே ஆகிறதே, அதே வேலை. 'பெரும்பாலான' என்னும் 'லா ப்ளுபார்' இதற்கு அடங்காது. அதன்பின் 'தே' வரும்.

இல்லாமையும் ஓர் அளவுதான். பால் இல்லை என்றால் 'பா த லே'. இது பால் அல்ல என்றால் 'ஸ நே பா த்யு லே', 'த்யு' அசையாது. இல்லை, அல்ல இரண்டையும் பிரித்துப் பேசும் நமக்கு இது எளிது. எழுதுமுன் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்.

பால் போன்ற பொருளின் அளவைச் சொல்லும்போது 'ப்ளுஸ்' என்று ஸகரம் கேட்டால் 'இன்னும் அதிகம்'. ஸகரம் விழுந்து 'ப்ளு' என்றால் 'இனி இல்லை', தீர்ந்துவிட்டது. எழுத்தில் இரண்டும் ஒன்றே. எதிர்மறைக்கான 'ந'வைப் பேச்சில் விழுங்கிவிடுவார்கள், ஆகவே காதுதான் கதி.

'அன் வேர் தோ' ஒரு குவளைத் தண்ணீர். 'அன் வேர் ஆ ஓ' தண்ணீர் குடிக்கும் குவளை, காலியாகவும் இருக்கலாம்.

எண்களில் 'தீஸேன்' ஏறக்குறையப் பத்து, 'வேன்தேன்' இருபது போல. 'கேன்ஸேன்' பதினைந்து போல, இரண்டு வாரத்துக்கும் அதுவே. 'மில்' (ஆயிரம்) பின் 'த' வராது. 'மில்லியோன்' பின் வரும்.

பொருளின் பெயரை விட்டுவிட்டு 'இரண்டு வேண்டும்' என்பாயானால் 'ஆன்' (அதில்) சேர்: 'ஜான் வெ தெ'. இதைத்தான் எல்லோரும் கடைசியாகக் கற்கிறார்கள், முதலில் தேவைப்படுவதோ இதுதான்.

சொல்லைத் தனியாக அட்டையில் எழுதாதே. 'போக்கூ தோ' என்று ஒரே மூச்சில் எழுது, அப்படியே சொல்லு.

அன்புடன்,
அம்மா