தெருச் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை: 2020–21, 2021–22

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, நம் ஆறு தெருவிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, தாய்மார்களே, வணக்கம்.

2020 மார்ச் கடைசியில் பொதுக்குழு கூட்ட நாள் குறித்து நோட்டீஸும் அடித்து வைத்திருந்தோம். ஊரடங்கு வந்துவிட்டது. மறு வருடம் கூடலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது இரண்டாம் அலை. அதனால் ஏப்ரல் 2020 முதல் மார்ச் 2022 வரைக்கும் சேர்த்து இரண்டு வருட அறிக்கையாக இதை வாசிக்கிறேன். அழகர் ஆற்றில் இறங்கியதை இரண்டு வருடம் கழித்துப் போன வாரம்தான் நேரில் பார்த்தோம். அந்தத் தெம்போடு இன்று 24.04.2022 ஞாயிற்றுக்கிழமை கூடியிருக்கிறோம்.

வழக்கமான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் தெருச் சாக்கடை தூர் வாரப்பட்டது. ஐந்தாம் தெருவில் மூன்று விளக்குகள் மாற்றப்பட்டன. பூங்காச் சுவர் மனு இன்னும் மனுவாகவே இருக்கிறது. ஆண்டு விழா இரண்டு வருடமும் நடக்கவில்லை. மீதி அறிக்கை முழுக்கக் கொரோனா காலத்துச் சுகரும் பிரஷரும்தான். சங்கத்து வேலையா இது என்று கேட்பவர்கள் கடைசி வரை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் நம் மதுரையில்தான் நடந்தது. 2020 மார்ச் 25 அதிகாலை, பெரியாஸ்பத்திரியில். இறந்தவருக்குக் கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஸ்டீராய்டை நம்பியே இருக்க வேண்டிய அளவுக்கு நாள்பட்ட நுரையீரல் நோயும் இருந்ததாக அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் விஜயபாஸ்கர் அறிவித்தார். இந்தச் செய்தியை நாம் எல்லோரும் படித்தோம். படித்துவிட்டு என்ன செய்தோம்? தெருமுனையில் மூங்கில் கட்டினோம். பிளீச்சிங் பவுடர் தூவினோம். வெளியாள் யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள இளைஞர்களை முறை போட்டு நிறுத்தினோம். அந்த மூங்கிலுக்கு உள்ளே எத்தனை வீட்டில் மாத்திரை தீர்ந்துகொண்டிருக்கிறது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. செயலாளர் என்ற முறையில் அந்தத் தவறு முதலில் என்னுடையது.

சென்னையைப் போல மதுரைக்கும் ஜூன் 24 முதல் முழு ஊரடங்கு போட்டபோதுதான் விழித்துக்கொண்டோம். வீடு வீடாகத் தாள் கொடுத்தோம். வயது என்ன, என்ன நோய், என்ன மாத்திரை, இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று நாலு கேள்வி. முதல் சுற்றில் வந்த தாள்களைப் பார்த்தால் நம் ஆறு தெருவிலும் சுகரே கிடையாது! பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எழுதவில்லை. வீடு வாடகைக்கு இருப்பவர்கள், ஓனருக்குத் தெரிந்தால் காலி பண்ணச் சொல்வாரோ என்று எழுதவில்லை. ஒளிப்பானேன், என் வீட்டுத் தாளிலும் ‘இல்லை’ என்றுதான் இருந்தது. பதினாலு வருடமாக மாத்திரை போடுகிறேன். என் வீட்டுக்காரம்மா அந்தத் தாளை வாங்கி ‘இல்லை’யை அடித்துவிட்டு, தன் எழுத்தில் மாத்திரைப் பெயரை எழுதினார்கள். அப்புறம்தான் இரண்டாம் சுற்றுக்கு மற்றவர்களைக் கேட்க எனக்கு வாய் வந்தது.

அப்படிப் போனபோது பார்த்த ஒன்றை, குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டு இங்கே பதிகிறேன். நான்காம் தெரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயாவின் மேசையில் ஒரு எவர்சில்வர் டப்பா, பக்கத்தில் ஒரு ஷேவிங் பிளேடு. டப்பாவுக்குள் பாதி பாதியாக வெட்டிய மெட்பார்மின் என்ற சுகர் மாத்திரை. மருந்துக் கடைக்குப் போய் வர யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று, இருக்கிற மாத்திரையை இரண்டு மடங்கு நாளைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, கணக்கு சரியாகத்தான் இருந்தது. அன்று விரலில் குத்திப் பார்த்தபோது சுகர் 342. மறு வாரமே முழு மாத்திரைக்கு ஏற்பாடு செய்தோம். ஆகஸ்டில் அவருக்கும் அவர் பேரனுக்கும் ஒரே நாளில் பாசிட்டிவ் வந்தது. பேரன் மூன்று நாள் காய்ச்சலோடு எழுந்துவிட்டான். ஐயா திரும்பி வரவில்லை.

ஒரே வீடு, ஒரே கிருமி, ஏன் இப்படி? ஆறாம் தெரு டாக்டர் அம்மா செப்டம்பரில் மொட்டை மாடியில் நாற்காலிகளை எட்டு அடிக்கு ஒன்றாகப் போட்டு விளக்கினார்கள். சுகர் இருந்தால் கொரோனா சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்பதைவிட, ஒட்டிக்கொண்ட பிறகு முற்றிவிடும் என்பதுதான் பயம் என்றார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் கிருமியோடு சண்டை போட வேண்டிய வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும். வருடக்கணக்கில் சுகரும் பிரஷரும் சேர்ந்து ரத்தக் குழாயின் உள்சுவரை ஏற்கெனவே அரித்து வைத்திருக்கும். கொரோனாவும் அதே சுவரைத்தான் தாக்குகிறது, ரத்தத்தை உறைய வைக்கிறது. ஏற்கெனவே இரைக்கிற இதயத்தால், காய்ச்சலோடு மூச்சு வாங்கும்போது கூடுதலாக ஓட முடியாது. தொந்தி பெரிதாக இருந்தால் நுரையீரலின் அடிப்பாகம் விரியவே இடமில்லை. காய்ச்சல் வந்தால் சுகர் இன்னும் ஏறும், ஏறிய சுகர் காய்ச்சலை இறங்க விடாது.

சீனாவில் 2020 பிப்ரவரி வரை தொற்று உறுதியான 44,672 பேரின் கணக்கைச் சொன்னார்கள். வேறு நோய் இல்லாதவர்களில் இறந்தது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, 0.9 சதவீதம். சர்க்கரை உள்ளவர்களில் 7.3, இதய நோய் உள்ளவர்களில் 10.5. பிறகு தமிழ்நாடு, ஆந்திரா இரண்டையும் வைத்துச் செய்த ஆய்வு வந்தது. இறந்தவர்களில் ஏறத்தாழ 63 சதவீதம் பேருக்கு ஒரு இணை நோயாவது இருந்தது. சர்க்கரை இருந்தவர்களே 45 சதவீதம். மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா என்றால், எனக்குச் சந்தேகம்தான். நம் ஊரில் எத்தனை பேர் வாழ்நாளில் ஒருமுறைகூட ரத்தம் பார்க்காதவர்கள்! அதற்காக, நாற்பத்தொரு வயதில் எந்த நோயும் இல்லாமல் போய்ச் சேர்ந்த நம் முதல் தெருத் தம்பியை மறந்துவிட்டும் இதைச் சொல்லவில்லை. இந்த இரண்டு வருடத்தில் ஒன்பது பேரை இழந்தோம். அதில் ஏழு பேர் மாத்திரைச் சீட்டு வைத்திருந்தவர்கள்.

பிரஷர் மாத்திரை போட்டால் கொரோனா வரும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றியது நினைவிருக்கும். சில பிரஷர் மருந்துகளுக்கும் கிருமி உடம்புக்குள் நுழையும் வாசலுக்கும் ஏதோ தொடர்பு இருக்கலாம் என்று முதலில் ஒரு யூகம் இருந்தது உண்மை. ஆனால் இதய மருத்துவர்களின் அமைப்புகள் அப்போதே மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டன. அது நம் குரூப்பில் வரவில்லை, வதந்தி மட்டும் நாலு தடவை வந்தது. அதை நம்பி நிறுத்திய ஒருவர் வாசலில் தலை சுற்றி விழுந்தார். நல்ல வேளை, படியில் விழவில்லை.

இனி செய்தது என்ன என்று சொல்கிறேன். சுகர் பார்க்கும் குளுக்கோமீட்டர் இரண்டு, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் நாலு, ஒரு பிரஷர் பார்க்கும் கருவி வாங்கினோம். ‘சுகர் நோட்டு’ ஒன்று போட்டோம். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே சீட்டை வாங்கிக்கொண்டு இளைஞர்கள் பைக்கில் போய் வாங்கி வந்தார்கள். அரசு மருத்துவமனைகளில் இரண்டு மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தது பெரிய உதவி. டயாலிசிஸ் போகும் இருவர்தான் மிகுந்த சிரமப்பட்டார்கள். மற்றவர்களை வீட்டில் இருங்கள் என்று சொல்லலாம், அவர்களைச் சொல்ல முடியாது. கிட்னி கெட்டவருக்கு எதிர்ப்புச் சக்தியும் குறைவு, வாரத்துக்கு இரண்டு முறை வெளியே போயும் ஆக வேண்டும். மூன்றாம் தெரு ஆட்டோக்கார அண்ணன் ஒரு சவாரியும் தவறவிடவில்லை. அவருக்குச் சங்கம் கொடுத்தது பெட்ரோல் காசு மட்டுமே.

இரண்டாம் அலையில் ஆக்சிமீட்டர் வீடு வீடாகச் சுற்றியது. ஆறு நிமிடம் நடந்துவிட்டு விரலில் மாட்டி, 94-க்குக் கீழே இறங்கினால் உடனே கிளம்பிவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். சிலருக்கு மூச்சுத் திணறலே தெரியாமல் 88 காட்டியது. அந்தக் கருவி இல்லையென்றால் அவர்களைத் தூங்கவிட்டிருப்போம்.

அதே 2021 மே மாதத்தில் இன்னொரு பாடம். நடுத்தர வயது உறுப்பினர் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கி, அதே ஸ்டீராய்டு மாத்திரையைத் தானும் பத்து நாள் போட்டிருக்கிறார். ஆக்சிஜன் குறைந்தவர்களுக்கு உயிர் காத்த மருந்துதான் அது. ஆனால் சுகரை விர்ரென்று ஏற்றும். இவருக்கு 460. கன்னம் மரத்துப்போய், கண் வீங்கி, கருப்புப் பூஞ்சை என்றார்கள். உயிர் பிழைத்தார், ஒரு கண் போய்விட்டது. அவரே என்னைச் சொல்லச் சொன்னார்.

தடுப்பூசி விஷயத்தில் மார்ச் 2021-இல் சங்கத்தின் மேல் சிலருக்குக் கோபம். அறுபது தாண்டியவர்களுக்கு நேராகப் போட்டார்கள். 45 முதல் 59 வரை உள்ளவர்களுக்கு, இருபது நோய் கொண்ட பட்டியலில் ஒன்று இருப்பதாக டாக்டர் கையெழுத்து வேண்டும். அதில் சுகர் என்றால் பத்து வருடத்துக்கு மேல் இருக்க வேண்டும் அல்லது வேறு உறுப்பைப் பாதித்திருக்க வேண்டும், கூடவே பிரஷருக்கும் மருந்து சாப்பிட வேண்டும். நாலு வருடச் சுகர்க்காரர் ஒருவர், “இன்னும் ஆறு வருடம் காத்திருக்கவா?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். நியாயமான கேள்வி. ஏப்ரல் 1-இல் 45 வயதான எல்லோருக்கும் என்று ஆனதும் பிரச்சினை தீர்ந்தது. 2020 ஜூனில் ‘இல்லை’ என்று எழுதிய பலர், அந்த மார்ச்சில் நோய்ச் சான்றிதழுக்கு வரிசையில் நின்றதையும் பார்த்தேன்.

2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைத்த, வீட்டுக்கே வந்து மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இப்போது நம் தெருக்களுக்கும் வருகிறது. வருகிற சகோதரியிடம் நம் நோட்டைக் காட்டினோம். இதைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது என்றார்.

கணக்கைப் பொருளாளர் விரிவாக வாசிப்பார். ஒன்றை மட்டும் நானே சொல்லிவிடுகிறேன். கபசுரக் குடிநீர் விநியோகத்துக்கு 18,400 ரூபாய், கருவிகளுக்கும் சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்புக்கும் 11,250 ரூபாய். குடிநீரைக் குறை சொல்லவில்லை, நானும் குடித்தேன். ஆனால் இந்த இரண்டு எண்ணும் இடம் மாறியிருக்க வேண்டும் என்று தணிக்கை உறுப்பினர் எழுதியிருப்பதை ஏற்கிறேன்.

ஸ்ட்ரிப் இன்னும் இரண்டு டப்பாதான் இருக்கிறது. நன்கொடை தர விரும்புவோர் பணமாகத் தராமல் ஸ்ட்ரிப்பாகவே வாங்கித் தரலாம், நம் கருவிக்குப் பொருந்துகிற கம்பெனிதானா என்று பார்த்து. நோட்டு இப்போது மூன்றாவது நோட்டு. ஞாயிறு காலை ஏழு மணிக்குள் சங்கக் கட்டடத்துக்கு வெறும் வயிற்றில் வரவும். காபி குடித்துவிட்டு வெறும் வயிறு என்று சொல்பவர்களை மீட்டர் காட்டிக் கொடுத்துவிடும். போன ஞாயிறு தலைவருக்கே அப்படி ஆனது.

அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்